பிள்ளையாருக்கு மூச்சு முட்டிய வைகாசி

காலையில் என்னோடு நடக்க வரும் கிழட்டு நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூச்சிரைக்க ஒரு சுற்று முடித்ததும் நீங்கள் எல்லோரும் நேராகப் போய் நிற்பது அந்தச் சாறு வண்டியில். அருகம்புல் சாறு. ஆளுக்கொரு டம்ளரை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கும் குழந்தையைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறீர்கள். குடித்து முடித்ததும், "ரத்தம் சுத்தமாவுது, சக்கரை கம்மியாவுது, நீயும் குடிப்பா" என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறீர்கள். நான் மாட்டேன் என்கிறேன். நேற்று உங்களில் ஒருவர், "கண்டக்டரா இருந்தவன் இல்ல, பைக்குள்ள போன கை வெளிய வராது" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் தொப்பை என்னைவிட நன்றாகச் சிரித்தது.

ஆனால் காரணம் கஞ்சத்தனம் இல்லை. அந்தப் புல்லோடு எனக்குப் பழைய பகை. சமாதானமாகப் போகிற உத்தேசமும் கிடையாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

உங்களுக்கு அருகம்புல் என்றால் சதுர்த்திக்கு முதல்நாள் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஈரத்துணி போர்த்தி விற்கிற பச்சைக்கட்டு. வயலில் குனிந்தவனைக் கேளுங்கள், அவன் சொல்வான். மேலே பார்த்தால் விரல் நீளம் இருக்கும், குழந்தை முடி மாதிரி மெத்தென்று. கீழே தோண்டினால் வெள்ளைக் கயிறு. கயிற்றைப் பிடித்து இழுத்தால் அது உங்களைப் பக்கத்து வயலுக்குக் கூட்டிக்கொண்டு போகும். கணுவுக்குக் கணு வேர். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் போதும், அடுத்த தூறலில் அது குடும்பத்தோடு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மாடு மேல்புல்லைத்தான் தின்னும், கயிற்றை முகர்ந்துவிட்டு நம்மைப் பார்க்கும். குப்பையில் போட்டால் எருவோடு திரும்ப வயலுக்கே வரும். காய வைத்துக் கொளுத்தினால்தான் சாகும்.

எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில். காலையில் மலை நீலமாக இருக்கும், உச்சி வெயிலில் சாம்பல் நிறமாகிவிடும், சாயங்காலம் யாரோ பக்கத்தில் நகர்த்தி வைத்த மாதிரி கிட்டே வந்து நிற்கும். அப்பா உழுதது சொந்த நிலம் இல்லை. மேட்டு வீட்டுக்காரரின் நிலத்தை வாரத்துக்கு எடுத்திருந்தார். விளைவதில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை அந்தச் செம்மண்ணில் ஆடியில் போட்டால் நன்றாக வரும். அந்த ஒரு வெள்ளாமையை வைத்துத்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது.

அந்த வருஷம் சித்திரையிலேயே அப்பா கோடை உழவு ஆரம்பித்துவிட்டார். அவர் ஏரோட்டிக்கொண்டு முன்னால் போவார். அம்மாவும் அக்காவும் நானும் பின்னாலேயே குனிந்துகொண்டு போய், புரண்ட மண்ணிலிருந்து அருகங்கயிற்றை உருவிக் கூடையில் போடுவோம். எனக்கென்று ஒரு களைக்கொட்டு இருந்தது. தேய்ந்துபோன பழைய இரும்புக்கு அப்பா நுணாக் கட்டையில் என் கைக்குத் தகுந்தபடி பிடி செதுக்கிக் கொடுத்தது. அதை நான் ஆயுதம் என்றுதான் சொல்வேன். தோண்டிய புல்லின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பச்சை மல்லாட்டையும் ஈரமண்ணும் கலந்தாற்போல ஒரு வாசனை. கயிற்றின் மேல் சுற்றியிருக்கும் பழுப்புத் தோல் பொடிந்து மூக்கில் ஏறும், தும்மல் நிற்காது. யாரும் பார்க்காதபோது வெள்ளைக் கணுவை மென்று பார்ப்பேன், இனிக்கும். எதிரி இனிப்பாக இருக்கிறானே என்று கோபம் வரும், திரும்பவும் மெல்லுவேன்.

இவ்வளவு தோண்டியும் புல் குறையவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். வயலின் ஒரு மூலையில் புங்க மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். கூரை கிடையாது. எண்ணெய் ஏறிக் கறுத்த சின்னக் கல், ஒரு காது தேய்ந்தே போயிருக்கும். சந்தைக்குப் போகிற பாதை அவரை ஒட்டித்தான் போகும். முந்தின வருஷம் மேட்டு வீட்டுக்காரரின் மனைவிக்கு உடம்பு மோசமாகி, வண்டி கட்டிச் சின்னசேலம் கொண்டுபோய் ரயில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப் போனார்கள். பிழைத்து வந்தார். பிள்ளையாருக்கு அருகு சாத்துவதாக வேண்டுதல். வேண்டுதலுக்கு அருகு வெளியிலிருந்து வரலாமா? சொந்த நிலத்து அருகாக இருக்க வேண்டாமா? மேட்டு வீட்டுக்காரர் பிள்ளையாரைச் சுற்றி எங்கள் வயலில் ஒரு துண்டை ஒதுக்கி, பாதைப் பக்கம் தவிர மற்ற பக்கமெல்லாம் முள்வேலி போட்டு, கிணற்று வாய்க்கால் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அருகுக்குத் தண்ணீர்! பாலூட்டி வளர்த்தார்கள். அதற்குப் பெயர் சாமி புல்லு. யாரும் மிதிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, செருப்போடு பக்கத்தில் போகக் கூடாது.

சாமி புல்லுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. அது வரப்புக்கு அடியில் புகுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. "தாயி அங்க சொகமா ஒக்காந்துக்கினு இருக்கறா, நாம இங்க அவ புள்ளைங்கள நோண்டிக்கினு இருக்கறோம்" என்று அம்மா வேலியைப் பார்த்துச் சொல்வாள். அப்பா மாட்டை அதட்டுவார்.

ஒருநாள் மேட்டு வீட்டுக்காரர் வரப்பில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயில் கூட அவர்மேல் கேட்டுவிட்டுத்தான் படும்.

"இன்னாப்பா இது, நெலமா மேய்க்காலா?"

"நோண்டிக்கினுதான் இருக்கறோம் ஐயா" என்றார் அப்பா.

"எப்பப் பாத்தாலும் நோண்டிக்கினுதான் இருக்கற. ஆடிக்குள்ள இந்த வயல்ல ஒரு அருகு என் கண்ணுல படக் கூடாது. பட்டுதுன்னா நீ வெதைக்கவே வேணாம். சின்னசேலத்துக்காரன் ஒருத்தன் வாரத்துக்குக் கேட்டுக்கினு இருக்கறான், அவனுக்கு வுட்டுடுவேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பக்கத்துலேர்ந்து கொடி ஓடியாந்துடுதுங்க ஐயா."

"எந்தப் பக்கம்?"

அப்பா கையை நீட்டவில்லை. மோவாயை மட்டும் லேசாகத் திருப்பினார். "சாமி பக்கம்."

"நல்லா இருக்குதுப்பா. வேலைக்குச் சோம்பப்பட்டுக்கினு சாமி மேல பழிய போடறியா?"

அதற்குள் காற்று திரும்பியது. வயலின் கடைசியில் காய்ந்த அருகை அக்கா கொளுத்திவிட்டிருந்தாள். புகை நேராகப் பிள்ளையார் பக்கம் போனது. மேட்டு வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது.

"அது இன்னா பொக? அருகா? சாமிக்குச் சாத்தற புல்ல நெருப்புல போடறீங்களா? குடும்பம் வெளங்குமா? அணைக்கச் சொல்லு மொதல்ல!"

அக்கா ஓடிப்போய் மண்ணை வாரிப் போட்டு அணைத்தாள். மிச்சம் எரியாமல் குவியல் குவியலாகக் கிடந்தது. நான் களைக்கொட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப இத எங்கதான் ஐயா போடறது?"

அப்பா என் முதுகில் கிள்ளினார். அவர் கிள்ளினால் தடம் ஒரு வாரம் நிற்கும். மேட்டு வீட்டுக்காரர் துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டார். "சாமி புல்லு, சாமிக்குத்தான் போவணும்" என்றார், வேதம் சொல்வது மாதிரி. சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மதியம் வேப்ப மரத்தடியில் கம்பங்கூழ். யாரும் பேசவில்லை. எனக்கு மௌனம் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும், பஸ்ஸிலேயே நான் சும்மா வந்ததில்லை. அக்காவின் தாவணி முனையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, "சாமி புல்லு, சாமிக்குத்தான் போவணும்" என்று அவர் மாதிரியே சொன்னேன். அன்றைக்குத் தள்ளுவதற்கு வயிறு இல்லை, கஷ்டப்பட்டுத் தள்ள வேண்டியிருந்தது. அக்காவுக்குக் கூழ் மூக்கில் ஏறிவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. கடித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். "இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"அப்படியேவா சொன்னாரு?"

"நீயும்தான நின்னுக்கினு இருந்த? கேக்கல?"

"கேட்டேன். இப்பதான் காதுல வாங்கறேன்." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "சாத்திடலாங்க."

"இன்னாத்த?"

"எல்லாத்தையும்."

அப்பாவுக்குப் புரிந்ததும் கூழ்ச் சட்டியை மண்ணில் வைத்துவிட்டார். "நெலம் போயிடும்டி."

"இப்ப மட்டும் இருக்குதா? எடுத்தாலும் குத்தம், வுட்டாலும் குத்தம், எரிச்சாலும் குத்தம். எப்படியும் குத்தவாளிதான், ஒரே ஒரு குத்தத்தயாவது நம்ம இஷ்டத்துக்குப் பண்ணிட்டுப் போவலாம்."

"நெலம் போனா சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"அதோ மலை இருக்குது. மேல ஏறிப் போயி சாமை வெதைச்சிக்கினு பொழைக்கலாம்."

"மலைல ஒங்கப்பன் எழுதி வெச்சிருக்கறானா?"

"எழுதி வெக்கல. ஆனா புல்லுக்கு வேலி கட்டற ஆளு அங்க யாரும் இல்ல."

அப்பா எழுந்து மாட்டை ஓட்டிக்கொண்டு தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இப்படிப் பயப்படுகிறாரே என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அடுக்கி வைத்த கூடைகளின் மேல் அவருடைய துண்டு கிடந்தது, தலையில் சுமை வைக்கத் தோதாகச் சும்மாடு சுருட்டி. மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். துண்டில்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாத மனிதர் அவர். எனக்கு இது உறைக்க மீசை நரைக்க வேண்டியிருந்தது.

சந்தையும் சதுர்த்தியும் சேர்ந்து வந்த நாள் அது. அம்மா எங்களைக் குளிக்கச் சொன்னாள். ஈரத்தலையோடு, செருப்பில்லாமல், ஒரு குறை கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாம் முறையாக நடந்தது. முதலில் நுனி ஒடியாத கொழுந்தாகப் பார்த்துப் பொறுக்கிப் பிள்ளையாரின் தலையில் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் முதல் கூடையைக் கவிழ்த்தாள்.

அக்கா ஒரு கூடை. நான் ஒரு கூடை. பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னாடி பண்ற?" என்று ஒருத்தி கத்தினாள். "சாமிக்கு அருகு சாத்தறேன்!" என்று அம்மா பதிலுக்குக் கத்தினாள். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே சிரிப்பு. பிறகு அவர்கள் வயலின் அருகும் கூடை கூடையாக வர ஆரம்பித்தது. கூப்பிடாமலே வந்தார்கள், பெண்களுக்கு எந்த வயலில் ஒடிந்தாலும் இடுப்பு ஒரே இடுப்புதான். பிள்ளையாருக்கு முதலில் தும்பிக்கை மறைந்தது, பிறகு தொந்தி, பிறகு அந்தத் தேய்ந்த காது. மதியத்துக்குள் அங்கே பிள்ளையாரே இல்லை. பச்சையும் பழுப்பும் வெள்ளைக் கயிறும் செம்மண்ணுமாக ஒரு குன்று நின்றது. எங்கேயோ அதற்குள் என் களைக்கொட்டும் போய்விட்டது. கூடையோடு சேர்ந்து கவிழ்ந்திருக்க வேண்டும்.

மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தலையில் வைத்துச் சந்தைக்கு இறங்கிய ஆட்கள் பாதையில் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர் குன்றையும் பார்த்து, திரும்பிக் கல்வராயன் மலையையும் பார்த்தார். "இன்னாம்மா, எங்க மலைக்குப் போட்டியா ஒண்ணு கட்டறீங்களா?" என்றார். பாதையோரத்தில் ஒரு கொத்து அருகைப் பிடுங்கி, தன் பங்குக்கு அதையும் உச்சியில் செருகிவிட்டுப் போனார்.

வெயில் தாழ்ந்ததும் மேட்டு வீட்டு வண்டி வந்தது. அவர், அவர் மனைவி, தாம்பாளத்தோடு பூசாரி, ஒரு குண்டான் சுண்டல். பூசாரி இறங்கி நாலு பக்கமும் பார்த்தார்.

"சாமி எங்கடா?"

"உள்ள இருக்குது" என்றேன். சுண்டல் குண்டானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன் என்பது உண்மை.

மேட்டு வீட்டுக்காரர் குன்றை ஒரு சுற்று சுற்றி வந்தார். "யாரு... யாரு பண்ண வேல இது?"

"நாங்கதாங்க ஐயா" என்றாள் அம்மா. "சாமி புல்லு சாமிக்குத்தான் போவணும்னு சொன்னீங்க. கொண்ணாந்து சாத்திட்டோம்."

"அதுக்கு இவ்ளோவா? ஒரு கட்டு சாத்தினா பத்தாது?"

"எங்க வூட்டு பக்தி கொஞ்சம் ஜாஸ்திங்க."

"இன்னும் ரெண்டு கூடை இருக்குது, கொண்ணாரவா ஐயா?" என்றேன் நான். உதவி செய்யும் எண்ணம்தான்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தார். "எடுத்துக் கடாசு இத!"

பூசாரி பாவம், சட்டம் பிறழாதவர். தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சாத்தினது சாத்தினதுதாங்க. கையாலதான் எடுக்கணும், கால் படற எடத்துல போடக் கூடாது. ஏரிலதான் கரைக்கணும். ஏரில தண்ணி இல்லியே." கடைசியில் அவர் குன்றின் மேல் சாய்ந்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, பிள்ளையாரின் முகம் மட்டும் தெரியும்படி ஒரு ஜன்னல் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கண் எங்களைப் பார்த்தது. நெருப்பு அசுரனை விழுங்கி வயிறு எரிந்தபோது அருகு சாத்தித்தான் பிள்ளையாருக்குக் குளிர்ந்தது என்று அந்தப் பூசாரி கதை சொல்வார். அன்றைக்கு எங்கள் சாத்தலில் பிள்ளையாருக்கு ஜன்னியே கண்டிருக்கும்.

அப்போதுதான் மேட்டு வீட்டம்மா வண்டியிலிருந்து இறங்கினார். நோயில் மெலிந்த கை வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்தது. அந்த அம்மாவால்தான் எங்களுக்கு இவ்வளவு தொல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவர் குன்றைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். அம்மாவின் உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது.

"நான் வேண்டிக்கினது ஒரு கைப்புடி" என்றார் புருஷனிடம். சத்தமே இல்லாமல்தான் சொன்னார். "ஒரு கைப்புடிக்கு இன்னாத்துக்கு வேலி? யாரு கேட்டா?"

களையெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் ஒருவேளை விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மேட்டு வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் கத்தினார்: "நாளைலேர்ந்து ஒருத்தனும் இந்த நெலத்துல கால வெக்கக் கூடாது! சின்னசேலத்தான வரச் சொல்றேன்!"

அம்மா வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வரச் சொல்லுங்க. நெலம் ஒங்களுது, புல்லு சாமியுது. எங்க கை எங்களுது. கூட்டிக்கினு போறோம்."

சுண்டல் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

வீட்டில் அப்பா ஏரைச் சுவரில் சாய்த்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வைகாசி முடியப் போகிறது. விதை மல்லாட்டைக் குடுவை மூலையில் இருந்தது. அதை உடைத்து வறுத்துத் தின்றுவிடலாமா என்று நான் கேட்டதற்கு அக்கா தலையில் குட்டினாள்.

ஆனால் பிள்ளையார் சும்மா இருக்கவில்லை. சந்தைப் பாதையில் போன வாயெல்லாம் பேச ஆரம்பித்தது. ஜன்னலுக்குள் இருக்கும் சாமியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தியாகதுருகத்திலிருந்து கூட ஒரு குடும்பம் வந்து தேங்காய் உடைத்துவிட்டுப் போனது. வருகிறவர்கள் ஆளுக்கொரு கொத்து அருகு வைத்தார்கள். ஒருநாள் மலைப்பக்கம் இடித்துக்கொண்டு கோடை மழை வந்தது. மழை விட்டதும் பார்த்தால் குன்று முழுக்கப் பச்சை! கணுவெல்லாம் முளைத்து, பிள்ளையார் கம்பளி போர்த்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்படியொரு காலையில்தான் சின்னசேலத்துக்காரர் நிலம் பார்க்க வந்தார். கையில் குடை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. நான் பாதையோரம் உட்கார்ந்திருந்தேன். நிலத்தில் கால் வைக்கத்தான் தடை, பாதை பொது.

"தம்பி, மேட்டு வூட்டு நெலம் இதா?"

"இதாங்க. வாங்க, காட்டறேன்." எழுந்து நின்று, வரப்பு ஓரமாகவே நடந்து சுற்றிக் காட்டினேன். பிற்காலத்தில் நான் கண்டக்டர் ஆகப் போகிறேன் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. "வேலிக்கு அந்தாண்ட இருக்கறது சாமி புல்லு, அத நோண்டக் கூடாது. வேலிக்கு இந்தாண்ட இருக்கறத நோண்டாம இருக்கக் கூடாது. நோண்டினத எரிக்கக் கூடாது. மெதிக்கவும் கூடாது."

அவர் குடையை மடக்கினார். "அப்ப இன்னாதான் பண்ணலாம்?"

"கும்புடலாங்க."

அவர் குன்றைப் பார்த்தார். ஜன்னலுக்குள்ளிருந்து அந்த ஒற்றைக் கண் அவரைப் பார்த்தது. நல்ல மனிதர், கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு கொத்து அருகு வைத்துக் கும்பிட்டார். மேட்டு வீட்டுப் பக்கம் போகாமல் அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிட்டார். அவருக்குப் பிறகு சுற்றுவட்டத்தில் ஒரு ஆளும் அந்த நிலத்தைக் கேட்கவில்லை. தோண்டவும் முடியாத, கொளுத்தவும் முடியாத நிலம் என்று பெயர் பரவிவிட்டது. விதைப்பு நெருங்கிவிட்டது, மேட்டு வீட்டு வயல் மட்டும் தரிசாகக் கிடந்தது.

ஆனி பிறந்து மேட்டு வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றார். அப்பா பதறி எழுந்து கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"வேலிய எடுத்துடுப்பா. தோண்டிக் கொளுத்திட்டு வெதைக்கற வேலையப் பாரு."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நாங்க தோண்ட மாட்டோம்."

"ஏய்" என்றார் அப்பா.

அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "சாமி புல்லு. நாங்க கைய வெச்சிட்டு, நாளைக்கு ஒரு மாடு சீக்கா வுழுந்தாலும் ஒங்க வாயி எங்களத்தான் சொல்லும். மொத கொத்து நீங்க போடுங்க. ஊரு பாக்கப் போடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

அப்பா பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டு வீட்டுக்காரர் அம்மாவை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வயலை நோக்கி நடந்தார். ஊரே பின்னால் நடந்தது. மேட்டு வீட்டம்மாவும் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா மம்பட்டியைக் கழுவி இரண்டு கையாலும் நீட்டினார். மேட்டு வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிள்ளையார் ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு. ஓங்கி ஒரு கொத்து. மண் பிளந்தது, வெள்ளைக் கயிறு தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஊர் பார்க்கிறதே, குனிந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். காலை ஊன்றி மறுபடி இழுத்தார். கயிறு மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது, வேலியைத் தாண்டி வரப்பைத் தாண்டி எங்கள் வயல் வரைக்கும் மண் கோடாகப் பிளந்தது. எது எங்கேயிருந்து வருகிறது என்று ஊரே பார்த்தது. திடீரென்று கயிறு அறுந்தது. மேட்டு வீட்டுக்காரர் வாய்க்கால் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். கையில் இன்னும் கயிறு.

நான் சிரித்தேன். அடக்கவே முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஊரில் மற்ற எவனும் சிரிக்கவில்லை. அப்பா என் பிடரியில் ஒரு அறை விட்டு, கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் புங்க மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆண்டைக்காக அழுகிறாரே இந்த மனிதர் என்று எனக்கு அவமானமாக இருந்தது. பல வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டு அவரோடு முறைத்துக்கொண்டிருந்தேன். நானும் அப்பனாகி, ஒரு சாவு வீட்டில் என் மகன் எதையோ பார்த்துச் சிரித்துத் தொலைக்க, அவனை அறைந்து இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. அழுகிறவனின் தோள் அப்படிக் குலுங்காது, ஐயா!

சேற்றிலிருந்து அவரைத் தூக்கிவிட்டது மேட்டு வீட்டம்மா நீட்டிய கை. "ஒரு கைப்புடி" என்றார் அந்த அம்மா மறுபடியும்.

வேலி போனது. அப்பாவும் அம்மாவும் அந்தத் துண்டை அடிமண் வரைக்கும் புரட்டினார்கள். கயிற்றுக் குவியல் பகல் முழுக்க எரிந்தது, புகை எந்தப் பக்கம் போனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளையார் காலடியில் ஒரு முறம் அளவு புல்லை மட்டும் அம்மா விட்டுவைத்தாள். ஆடியில் மல்லாட்டை விதைத்தோம். மலையில் மழை பிடித்து ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் குன்றைக் கூடை கூடையாக இறக்கி ஏரியில் கரைத்தார்கள். அடுத்த வருஷம் ஏரிக்கரை முழுக்க அருகு. அது ஏரியின் கவலை. என் களைக்கொட்டு மட்டும் கிடைக்கவேயில்லை. பூசாரியிடம் போய்க் கேட்டேன். "சாத்தினதத் திருப்பிக் கேக்கக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டார். சட்டம் பிறழாதவர் என்றுதான் முன்பே சொன்னேனே.

இப்போது என் வீட்டிலும் சதுர்த்தி நடக்கிறது. மருமகள் என் கையில் பையைக் கொடுத்து, "மாமா, ஒரு அருகம்புல் மாலை வாங்கிக்கினு வந்துடுங்க, பெருசா" என்கிறாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறேன். கட்டுக்கட்டாக அடுக்கி வைத்துக் கூப்பிடுகிறார்கள். நான் வாங்குவதில்லை. வழியில் ஏதாவது ஒரு காம்பவுண்டுச் சுவரின் வெடிப்பில் அது இல்லாமல் இருக்காது. வேரோடு பிடுங்குகிறேன். கொழுந்தாக ஒரு கைப்பிடி கிள்ளிக்கொள்கிறேன். மிச்சக் கயிற்றைத் தார் ரோட்டில், நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டு வருகிறேன். "இவ்ளோதானா மாமா?" என்று மருமகள் முகம் சுருங்குகிறது. இவ்வளவுதான்.

ஆகவே, நண்பர்களே, நாளைக்கும் நீங்கள் டம்ளரை நீட்டுவீர்கள், நான் வாங்க மாட்டேன். சாமிக்கே ஒரு கைப்பிடிக்கு மேல் தராதவன், உங்கள் சர்க்கரைக்காக ஒரு டம்ளர் குடித்துவிடுவேனா? பிள்ளையார் கோபித்துக்கொள்வார் என்று பயம் காட்டாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து மூச்சு முட்ட வாங்கிக்கொண்டவர் அவர். களைக்கொட்டையும் சேர்த்து.